சித்தம்பூண்டி நிலாக்கல் முதல் ஒகேனக்கல் பள்ளம் வரை: ஒருநாள் கல் பயணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்செங்கோட்டிலிருந்து காலை ஐந்து மணிக்கு ஒரு வேன் கிளம்பும். பன்னிரண்டு பேர். சித்தம்பூண்டி, சங்ககிரி, மேச்சேரி, பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போய்விட்டு இரவு திரும்பும். கூடவே வந்து கல்லைக் காட்டிப் பேசுவது நான். கல் பாலிஷ் பட்டறையில் இருபது வருடம் மேஸ்திரியாக இருந்தவன். புவியியலைக் கல்லூரியில் படிக்கவில்லை. படித்தவர்கள் பின்னால் சுற்றித் தெரிந்துகொண்டது. போனில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதிவைக்கிறேன்.

ஏனுங்க, நம்ம பக்கம் எரிமலை இருந்துச்சா?

முதல் கேள்வி எப்போதும் இதுதான். உச்சியில் வாய் திறந்து நெருப்பைக் கக்கிய மலை எதுவும் கொங்கு நாட்டில் நம் கண்ணுக்குத் தெரிவதாக இல்லை. எரிமலைக் குழம்பு வழிந்து இறுகிய கல்லைப் பார்க்க ஆசை என்றால் மகாராஷ்டிரத்துக்குப் போக வேண்டும். அஜந்தாவையும் எல்லோராவையும் குடைந்திருப்பது அந்தக் கல்லில்தான்; சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்தது. இன்றைக்கும் உயிரோடு இருக்கும் எரிமலை வேண்டுமென்றால் அந்தமான் பக்கம் பாரன் தீவு.

நம் கல்லும் ஒரு காலத்தில் குழம்பாக இருந்ததுதான், பெரும்பாலும். ஆனால் வெளியே வரவில்லை. பூமிக்கு அடியிலேயே தங்கி, மெதுவாக ஆறியது. வித்தியாசம் என்ன என்று கேட்டால் வெல்லத்தையும் கற்கண்டையும் நினைத்துக்கொள்ளுங்கள். பாகைக் காய்ச்சி அச்சில் ஊற்றினால் சீக்கிரம் இறுகி, மணி தெரியாத வெல்லமாகிவிடும். நூலைக் கட்டித் தொங்கவிட்டு நாள்கணக்கில் ஆறவிட்டால் பட்டை பட்டையாகக் கற்கண்டு வளரும். மகாராஷ்டிரத்துக் கல் வெல்லம், நம்முடையது கற்கண்டு. அதனால்தான் நம் ஊர்க் கல்லை உடைத்தால் படிகங்கள் கண்ணுக்கே மினுமினுக்கும்.

அப்புறம் எப்படி அது மேலே வந்தது? கல் அடியிலிருந்து உயர்ந்தது, மேலே மூடியிருந்த மண்ணையும் பாறையையும் மழையும் ஆறும் அரித்துக்கொண்டு போயின. இரண்டும் சேர்ந்து நடந்தது. நாம் இன்று ஏர் ஓட்டுவது பழைய நிலத்தின் அடிவயிற்றில்.

பெரு நாட்டில் வெள்ளை வெளேரென்று ஒரு குவாரி, பக்கத்தில் ஒரு பள்ளத்தாக்கு, வீடியோவில் பார்த்தேன். அது மாதிரியா?

அது அரெகிப்பா நகரம். அங்கே சில்லார் என்று ஒரு கல். எரிமலை வெடித்து, சூடான சாம்பல் மேகமாகப் பாய்ந்து வந்து படிந்து, தன் சூட்டிலேயே இறுகிய கல் அது. உளியும் சுத்தியலும் போதும், கையாலேயே செதுக்கலாம். ஊரே அந்த வெள்ளைக் கல்லில் கட்டியது. 2000-ல் அதன் பழைய நகரப் பகுதியை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அஞாசுவாய்க்கோ குவாரியையும் பக்கத்தில் குலெப்ரியாஸ் பள்ளத்தாக்கையும் ஒரே நாளில் சுற்றிக் காட்டுகிறார்கள்.

எனக்கும் அதைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது, மறைப்பானேன். ஆனால் இங்கே அந்த வெள்ளைச் சுவரை எதிர்பார்க்காதீர்கள். நம் கல் உளியைத் தின்னும் கல்.

சித்தம்பூண்டியில் அப்படி என்ன இருக்கிறது? படத்தில் வெறும் காடாகத்தானே தெரிகிறது?

வெறும் மேட்டுக்காடுதான். வேலிக்காத்தான், எருக்கு, நாலு பனை, மேய்கிற ஆடு. வேனை விட்டு இறங்கியதும் பாதிப் பேர் முகத்தில் ஏமாற்றம் தெரியும். அதற்காகவே முதலில் அங்கே போகிறோம். சூரியன் ஏறும் நேரத்தில் சாய்ந்த வெளிச்சம் படும்போது தரையில் கிடக்கும் கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெள்ளையும் சாம்பலும் கலந்த கல்லில் கறுப்புப் புள்ளிகள், மிளகு தட்டிப் போட்ட வெண்பொங்கல் மாதிரி. இதன் பெயர் அனார்த்தசைட்.

ராத்திரி நிலாவை அண்ணாந்து பார்த்தால் வெளிச்சமாகத் தெரிகிற பகுதி இருக்கிறதே, நிலாவின் மேட்டு நிலம், அது பெரும்பாலும் இந்த வகைக் கல்தான். நிலா பிறந்த புதிதில் அதன் மேல்பகுதி முழுக்க உருகிய குழம்பாக இருந்தது. அதில் கனம் குறைந்த படிகங்கள் பால் மேல் ஆடை மாதிரி மிதந்து ஒதுங்கின. அந்த ஆடைதான் மேட்டு நிலம். சித்தம்பூண்டிக் கல் நிலாவிலிருந்து விழுந்ததல்ல. சிலர் ஊரில் போய் அப்படிச் சொல்லிவிடுகிறார்கள், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். பூமிக்குள் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானது. வகை ஒன்று, அவ்வளவுதான்.

அந்த ஒற்றுமை இஸ்ரோவுக்கு உதவியது. சந்திரயான் 2-க்காக, நிலாவில் இறங்கும் லேண்டரையும் அங்கே ஓடும் ரோவரையும் சோதித்துப் பார்க்க நிலாமண் மாதிரி ஒரு மண் தேவைப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வாங்கினால் விலை கட்டாது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் இந்தக் கல்லை எடுத்து, சேலத்துப் பக்கம் அரைத்துப் பொடியாக்கி, பெங்களூருக்கு அனுப்பினார்கள். சுமார் 50 டன். சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறைக்கும் இதில் பங்கு உண்டு. செய்முறைக்கு 2020-ல் இஸ்ரோ காப்புரிமையும் வாங்கிவிட்டது. நம் நாமக்கல் கோழிப்பண்ணைக்கும் லாரி பாடிக்கும் பேர் போனது என்றுதான் வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். இனிமேல் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஒருமுறை ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மிணி ஒருவர், "இந்தக் கல்லுக்கா கார் போட்டு வந்தீங்க, எங்கூட்டு வேலி முழுக்க இதானுங்களே" என்றார். அவர் வீட்டு வேலியையும் போய்ப் பார்த்தோம். நிஜம்தான்.

அங்கே கெம்புக்கல் கிடைக்குமாமே? தோண்டிப் பார்க்கலாமா?

அந்த வெள்ளைக் கல்லுக்குள் குருந்தம் என்ற கனிமம் இளஞ்சிவப்பாக இருப்பது உண்மை. கெம்பும் நீலமும் அதே கனிமத்தின் உயர்ந்த வடிவங்கள். ஆனால் நகைக்குத் தேறும் கல்லை எதிர்பார்த்து வருபவர்கள் வரவே வேண்டாம். தோண்டுவது சட்டப்படி குற்றம். போதாததற்கு அது யாரோ ஒருவரின் பட்டா நிலம். பிளாட்டினம் வகை உலோகங்கள் தேடி அரசு புவியியல் துறை ஏற்கனவே அங்கே ஆராய்ந்திருக்கிறது. அதனால் மண்வெட்டியோடு யாரைப் பார்த்தாலும் ஊர்க்காரர்களுக்குச் சந்தேகம் வரும். அது நியாயமான சந்தேகம்.

தரையில் உதிர்ந்து கிடக்கும் சின்னக் கல் ஒன்றை, நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளலாம். ஒன்று. பை நிறைய அல்ல.

குவாரிக்குள் விடுவார்களா? வெடி வைப்பதைப் பார்க்க முடியுமா?

சங்ககிரிப் பக்கம் வேலை நின்றுபோன ஒரு கல்குவாரிக்கு, உரிமையாளரிடம் முன்கூட்டியே கேட்டுத்தான் போகிறோம். பெயரை எழுதுவதில்லை. எழுதினால் அடுத்த வாரமே நாலு பைக்கில் பையன்கள் ரீல்ஸ் எடுக்க வந்துவிடுவார்கள். ஓடுகிற குவாரிக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு போனோம். சரி என்று சொன்னவர்கள் வாசலில் நிற்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து இல்லை என்றுவிட்டார்கள். யோசித்துப் பார்த்தால் அவர்கள் செய்ததே சரி. லாரி பின்னால் வரும் இடத்தில் வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு என்ன வேலை? வெடி வைப்பது பார்க்கும் காட்சி இல்லை.

அப்படியென்றால் கல்லை எப்படி எடுக்கிறார்கள் என்பதை எங்கே தெரிந்துகொள்வது?

குவாரிச் சுவரே சொல்லும். கைவிட்ட குவாரியில் மூன்று காலத்துத் தடங்கள் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக இருக்கின்றன.

மேலே, பாறையின் முகட்டில், தகடு தகடாகப் பெயர்ந்த இடம் இருக்கிறது. அது நெருப்பு வேலை. தென்னிந்தியாவில் வெடிமருந்து பரவுவதற்கு முன் இருந்த முறைகளில் இதுவும் ஒன்று. பாறை மேல் விறகைப் பரப்பித் தீ மூட்டுவார்கள். மேல்தோல் சூடேறி விரியும், அடிக்கல் குளிர்ந்தே கிடக்கும். இரண்டும் ஒத்துப்போகாமல் நடுவில் விட்டுப்போகும். தீயை மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டே போவார்கள். சுத்தியலால் தட்டினால் விட்டுப்போன இடத்தில் டொம் என்று ஒரு பொள்ளல் சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டு, எவ்வளவு தூரம் பெயர்ந்தது என்று சொல்லிவிடுவார்கள். நெருப்பில் பிறந்த கல்லை நெருப்பாலேயே எழுப்புவது. இதை அங்கே நின்று சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மயிர்க்கூச்செறியும்.

அதற்குக் கீழே ஒரு சாண் இடைவெளியில் வரிசையாகச் சின்னக் குழிகள், பாதி வெட்டிய பல் மாதிரி. அது ஆப்பு வேலை. குழி கொத்தி, ஒவ்வொன்றிலும் இரும்பு ஆப்பை வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே சீராக அடித்துக்கொண்டே வர வேண்டும். ஒன்றை மட்டும் வேகமாக அடித்தால் கல் தன் இஷ்டத்துக்குக் கோணலாக விரியும். விறகுக்கு இருப்பது போலக் கல்லுக்கும் ஓட்டம் உண்டு. எந்தப் பக்கம் பிளந்தால் நேராக வரும் என்பது பழகிய கைக்குத் தெரியும். அம்மியும் ஆட்டுக்கல்லும் திண்ணைத் தூணும் இப்படி வந்தவைதான்.

கடைசியில், ஆள் உயரச் சுவர் வழவழவென்று, கத்தியால் சீவிய வெண்ணெய் போல. அது வயர்சா. வைரத்தூள் பதித்த மணிகளைக் கோத்த இரும்புக் கம்பியை வளையமாகச் சுற்றவிட்டு, தண்ணீர் ஊற்றிக்கொண்டே அறுப்பது. இப்படி அறுத்த கல்லுக்குத்தான் நான் பட்டறையில் இருபது வருடம் பாலிஷ் போட்டேன். அறுத்த கல்லின் தூள் நுரையீரலுக்குப் போனால் திரும்ப வராது, அதனால்தான் தண்ணீர். அந்தத் தண்ணீர் இல்லாமல் வேலை பார்த்தவர்கள் இருமி இருமிப் போனதை நான் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன்.

சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்துக் கிரானைட் சித்தம்பூண்டியை விட மிகவும் இளசு, சுமார் 55 கோடி ஆண்டு. அர்த்தநாரீசுவரர் மலையும் அந்தக் குடும்பம்தான்.

பாறைக்குழியில் தண்ணீர் பச்சையாகத் தெளிந்து கிடக்கிறதே, இறங்கலாமா?

கூடாது. கால் நனைப்பதும் கூடாது. ஆற்றிலும் குளத்திலும் கரை சரிவாக இறங்கும். பாறைக்குழியில் கரை என்பதே கிடையாது, முதல் அடியே ஆழம். சுவர் வழவழப்பு, பிடிக்க ஒன்றும் இல்லை. நீச்சல் தெரிந்தவர்களும் ஏறமுடியாமல்தான் போயிருக்கிறார்கள். இதில் வாக்குவாதம் செய்தால் வேனிலேயே உட்காரவைத்துவிடுவேன், வயது பார்க்க மாட்டேன்.

ஒகேனக்கல் என்றால் புகையும் கல் என்கிறார்கள். அப்போது அது எரிமலைதானே?

கன்னடத்தில் ஹொகெ என்றால் புகை. புகைவது கல் அல்ல, தண்ணீர். காவிரி சுமார் 20 மீட்டர் விழுந்து பாறையில் மோதித் தெறிக்கும் திவலை தூரத்திலிருந்து புகையாகத் தெரிகிறது. பேர் வைத்தவர் கண்ணில் பட்டதைச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் ஒரு சங்கதி உண்டு. ஒகேனக்கல் வட்டாரத்தில் கார்பனடைட் என்ற அபூர்வக் கல் கீற்றுகளாகப் பாறைக்குள் ஊடுருவியிருக்கிறது. சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் அதே பொருள், ஆனால் குழம்பாக உருகி வந்தது. சுமார் 240 கோடி ஆண்டு என்று கணித்திருக்கிறார்கள். உலகத்திலேயே மிகப் பழைய கார்பனடைட்டுகளில் ஒன்று. இன்றைக்கு அந்த மாதிரிக் குழம்பைக் கக்கும் ஒரே எரிமலை தான்சானியாவில் இருக்கிறது, ஓல் தோய்ன்யோ லெங்காய். ஆக, புகையைப் பார்த்து எரிமலை என்று சொன்னவர் தப்பான காரணத்துக்காக, சரிக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். அந்தக் கீற்றுகள் காட்டுக்குள் இருப்பதால் நாம் அங்கே போவதில்லை.

அந்தப் பள்ளம் எப்படி வந்தது? தண்ணீரா இவ்வளவு கல்லை அறுத்தது?

தண்ணீர் மட்டும் அல்ல, தண்ணீர் கொண்டுவரும் கல். பாறையில் முன்பே நேர்நேராக வெடிப்புகள் இருக்கின்றன. ஆறு அந்த வெடிப்புகளைப் பிடித்துக்கொண்டு போகிறது. அதனால்தான் பரிசலில் போகும்போது சுவர்கள் செங்குத்தாகவும், திருப்பங்கள் வளைவாக இல்லாமல் சட்டென்று முடங்கியும் இருக்கும். அருவி விழும் இடத்தில் அடிப்பாறை பெயர்ந்து பெயர்ந்து, அருவியே மெல்லப் பின்னால் நகர்கிறது. அது விட்டுவந்த வழிதான் பள்ளம்.

கோடையில் தண்ணீர் குறைந்தபோது பாறைமேல் நடந்தால் வட்ட வட்டமாகக் குழிகளைப் பார்ப்பீர்கள். சில முழங்கை ஆழம், சில ஆள் மூழ்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் அடியில் உருண்டைக் கற்கள் கிடக்கும். சுழலில் அந்தக் கற்கள் சுற்றிச் சுற்றியே குழியை ஆட்டியெடுத்திருக்கின்றன. நம் வீட்டு ஆட்டுக்கல்லில் குழி விழுவதும் இதே கதைதான். இங்கே குழவி சுற்றுவது யார் கையாலும் இல்லை. எனக்கு அருவியை விட இந்தக் குழிகள்தான் பிடிக்கும். வருகிறவர்களில் பாதிப் பேர் மீன் வறுவல் கடைப் பக்கம் போய்விடுவார்கள், அது அவரவர் விருப்பம்.

அங்கே கறுத்து, உடைத்தால் எண்ணெய் பூசியது போல் பச்சை ஓடுகிற கல் சார்னோகைட். கல்கத்தாவை உருவாக்கியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகை இந்த வகைக் கல். 1893-ல் ஹாலந்து என்ற புவியியலாளர் அவர் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார். கல் போனது நம் மதராஸ் பக்கத்திலிருந்து, பேர் மட்டும் வெள்ளைக்காரருக்கு.

பரிசல் உறுதியாக உண்டா?

உறுதி சொல்ல முடியாது. கர்நாடகத்து அணைகளில் தண்ணீர் திறந்துவிட்டாலோ மேலே மழை கொட்டினாலோ மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போட்டுவிடும். அன்றைக்குத் தூரத்தில் நின்றுதான் பார்க்க வேண்டும். லைஃப் ஜாக்கெட் போடாமல் பரிசலில் கால் வைக்காதீர்கள். ஆற்றில் முதலைகள் இருக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒதுக்குப்புறமாகப் போய்க் குளிக்க நினைப்பவர்களுக்காக.

எந்த மாதம் நல்லது?

தை முதல் பங்குனி வரை. சித்திரையில் சித்தம்பூண்டிக் கல்லில் தோசை சுடலாம். ஆடிப்பதினெட்டு அன்று நாங்கள் வேன் எடுப்பதே இல்லை. ஒகேனக்கல்லில் பெருக்குக் கூட்டம். 1805-ல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட சங்ககிரியில் அவர் நினைவுநாள் கூட்டம். பாதையின் இரண்டு முனையும் அடைத்துக்கொள்ளும்.

குடிதண்ணீர் வழியில் பிடித்துக்கொள்ளலாமா?

ஆளுக்கு மூன்று லிட்டர் வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள். தருமபுரிப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். அதுவும் கல்லின் வேலைதான்: பாறைக் கனிமங்களில் இருப்பது மெல்லக் கரைந்து நிலத்தடி நீரில் இறங்குகிறது. அங்கே பழைய ஆட்கள் பலருக்குப் பல்லில் பழுப்புக் கறை இருக்கும். எலும்பு பாதித்தவர்களும் உண்டு. அதைத் தீர்க்கத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், 2013-ல் தொடங்கியது. ஒரு நாள் குடித்தால் ஒன்றும் ஆகாது, பயப்பட வேண்டாம். ஆனால் வெயிலில் தண்ணீர் தேடி அலைவது வீண்.

சாப்பாடு?

காலை டிபன் சங்ககிரியில். மதியம் ஒகேனக்கல்லில் மீனை நீங்களே வாங்கிக் கொடுத்தால் சமைத்துக் கொடுக்கும் அம்மாக்கள் இருக்கிறார்கள். விலையை முதலிலேயே பேசிவிடுங்கள். சைவக்காரர்கள் கட்டுச்சோறு கொண்டுவருவது நல்லது. புளிச்சோறு என்றால் எனக்கும் ஒரு பங்கு. குரங்குகள் பையைப் பிடுங்கும்.

வயதானவர்கள், குழந்தைகள் வரலாமா?

சித்தம்பூண்டிக்கு யாரும் வரலாம். குவாரியில் பத்து வயதுக்குக் கீழ் வேண்டாம். முட்டிவலி இருப்பவர்கள் ஒகேனக்கல் பாறையில் யோசித்து இறங்குங்கள், ஈரக் கல் வழுக்கும். செருப்பு வேண்டாம், ஷூ.

சேலம் வெள்ளைக்கல், படியூர், சிவன்மலை எல்லாம் ஏன் இல்லை?

ஒரே நாளில் எவ்வளவு? சேலத்து மேக்னசைட் சுரங்கங்களுக்குள் வெளியாட்களை விடுவதில்லை. ஏற்காடு அடிவாரச் சாலையிலிருந்து வெள்ளைத் திட்டுகளைப் பார்த்துக்கொள்ளலாம், உருக்காலை உலைகளின் உள்பூச்சுக்குப் போகும் கல் அது. காங்கேயம் பக்கத்துக்குத் தனிப் பயணம் போட எண்ணம் உண்டு: சிவன்மலையின் சையனைட் என்ற கல் (விஷமான சயனைடு அல்ல), படியூரில் கடல்நீல நிறப் பெரில் என்ற மணிக்கல் எடுத்த குழிகள், பழங்காலத்தில் கல்மணி செய்த ஊரான கொடுமணல். அதுவரைக்கும் உங்கள் தோட்டத்துக் கிணற்றை எட்டிப் பாருங்கள். கொங்கு நாட்டுக் கிணறு மாதிரிப் பாறை அடுக்கைக் காட்டும் இடம் வேறில்லை, காசும் கேட்காது.

பன்னவாடியில் தண்ணீருக்குள் இருக்கும் நந்தியைக் காட்டுவீர்களா?

மேட்டூர் அணை 1934-ல் நிரம்பியபோது மூழ்கிய ஊர்களின் மிச்சம் அது. நீர்மட்டம் நன்றாக இறங்கினால்தான் ஜலகண்டேசுவரர் கோவில் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். நம் பாதையிலிருந்து விலகிப் போக வேண்டும். நீர்மட்டம் குறைந்த கோடையில், வேனில் இருக்கும் எல்லோரும் சம்மதித்தால் மட்டும்.

கட்டணம் எவ்வளவு?

வேன் வாடகை, டீசல், ஓட்டுநர் படி மூன்றையும் வந்தவர்கள் எண்ணிக்கையால் வகுத்துக்கொள்கிறோம். பரிசல் கட்டணம் அங்கேயே கவுண்டரில். எனக்குப் பணம் வேண்டாம்.

இரவு எத்தனை மணிக்குத் திரும்புவோம்?

ஒன்பதரை. ஒகேனக்கல்லிலிருந்து பென்னாகரம் ஏறுவது காட்டுச்சாலை, யானை நடமாட்டம் உண்டு. இருட்டுவதற்குள் மேலே ஏறிவிட வேண்டும். ஐந்தே காலுக்கு விசில் அடிப்பேன். மீன் பாதி வறுபட்டிருந்தாலும் வண்டி கிளம்பிவிடும்.